முதலில் தீவைத் தேர்ந்தெடுங்கள்: மாலத்தீவுப் பயணம் – வாசகர் கேள்வி பதில்

மாலத்தீவு பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பணம், படகு, பெட்டி ஆகிய மூன்றையும் சுற்றியே இருந்தன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தந்திருக்கிறோம். வரிக் கணக்குகள் எல்லாம் 2025 ஜூலை முதல் நடப்பில் உள்ள விகிதப்படி.

கேள்வி: மணமாகி ஆறு மாதம் ஆகிறது. நான்கு இரவு மாலத்தீவில் தங்க ஆசை. இணையத்தில் ஒரு ரிசார்ட் இரவுக்கு 300 டாலர் என்கிறது, ஒரு கெஸ்ட் ஹவுஸ் 60 டாலர் என்கிறது. ஒரே கடல்தானே, ஏன் இவ்வளவு வித்தியாசம்? கையை விட்டு மொத்தம் எவ்வளவு போகும்?
– கே.எஸ்., மதுரை

பதில்: நீங்கள் பார்த்தவை இரண்டு வேறு வகைத் தீவுகள். மாலத்தீவில் ஏறக்குறைய 1,190 தீவுகள் உண்டு. மக்கள் குடியிருப்பவை 200க்கும் குறைவு. 1972இல் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறந்ததில் இருந்து, ஆளில்லாத ஒரு தீவை ஒரே நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடுவதுதான் அங்கே வழக்கம். ரிசார்ட் தீவில் ஊர் இல்லை, வெளிக்கடை இல்லை. தண்ணீர் பாட்டில் முதல் திரும்பி வரும் படகு வரை அந்த ஒரு நிறுவனத்திடமே வாங்கியாக வேண்டும். மக்கள் வாழும் தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ் நடத்த அரசு வழிவிட்டது 2009க்குப் பிறகுதான். விளம்பரங்களில் லோக்கல் ஐலண்ட் என்று வருவது இந்த ஊர்த்தீவுகளைத்தான். அங்கே பள்ளிக்கூடம், மசூதி, மளிகைக்கடை, டீக்கடை எல்லாம் இருக்கும், மது இருக்காது, நீச்சல் உடைக்குத் தனியாகக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள். எந்த வகைத் தீவு என்று முடிவு செய்த பிறகே விமான டிக்கெட்டில் கை வையுங்கள். உணவு, உடை, செலவு, படகு நேரம் எல்லாம் இந்த ஒரு முடிவைப் பொறுத்தவை.

இப்போது கணக்கு. விலைக்குப் பக்கத்தில் ++ என்று இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் அதில் சேரவில்லை என்று பொருள். சேவைக் கட்டணம் 10 சதவீதம். அதைச் சேர்த்து வரும் தொகையின் மேல் சுற்றுலா ஜி.எஸ்.டி. 17 சதவீதம். ஆகவே மொத்த ஏற்றம் 27 அல்ல, 28.7 சதவீதம். இதற்கு மேல் பசுமை வரி என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு தொகை: ரிசார்ட்டிலும் 50 அறைக்கு மேற்பட்ட விடுதியிலும் 12 டாலர், ஊர்த்தீவில் 50 அறை அல்லது அதற்குக் குறைந்த விடுதியில் 6 டாலர். இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு இது இல்லை.

ரிசார்ட்: 300 டாலர் வீதம் நான்கு இரவுக்கு 1,200. சேவைக் கட்டணத்தோடு 1,320, ஜி.எஸ்.டி.யோடு 1,544.40. இருவருக்கு நான்கு நாள் பசுமை வரி 96. ஆக 1,640.40 டாலர். தண்ணீரில் இறங்கும் சிறு விமானமான சீ-பிளேனில் மட்டுமே போக முடிகிற தீவாக இருந்தால், போக வர ஆளுக்கு 450 டாலர் என்று வைத்தாலும் இன்னும் 900 சேரும். நீங்கள் பார்த்த 1,200 டாலர் 2,540 ஆகிவிட்டது. சாப்பாடு இன்னும் சேரவில்லை.

கெஸ்ட் ஹவுஸ்: நான்கு இரவுக்கு 240. இரண்டு ஏற்றமும் சேர்ந்து 308.88. பசுமை வரி 48. ஸ்பீட் போட் ஒரு வழிக்கு ஆளுக்கு 25 டாலர் என்றால் இருவருக்குப் போக வர 100. மொத்தம் 457 டாலருக்குள்.

எங்கள் யோசனை: மூன்று இரவு ஊர்த்தீவில் தங்குங்கள், நான்காவது இரவைத் தலைநகர் மாலேயில் இருந்து ஸ்பீட் போட்டில் எட்டும் தூரத்து ரிசார்ட் ஒன்றில் வைத்துக்கொள்ளுங்கள். சீ-பிளேன் செலவு மிச்சம். ஒரு இரவும் வேண்டாம் என்றால், ஊர்த்தீவு விடுதிக்காரர்களே பக்கத்து ரிசார்ட்டுக்கு டே பாஸ் ஏற்பாடு செய்வார்கள்; காலையில் போய் மாலையில் திரும்பலாம். முன்பதிவு செய்யும்போது, "எல்லா வரியும், பசுமை வரியும், படகும் சேர்த்து இருவருக்கு மொத்தம் எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியை எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். தகராறு வருவது பெரும்பாலும் படகுக் கட்டணத்தில்தான். அறை வாடகை குறைவாகத் தெரியும் ரிசார்ட்டில் போய்ச்சேரும் செலவு அதிகமாக இருப்பது சகஜம்.

கேள்வி: எங்கள் விமானம் மாலேயில் மாலை 5 மணிக்கு இறங்குகிறது. ரிசார்ட்டுக்கு சீ-பிளேன். அன்றைக்கே போய்ச் சேர முடியுமா?
– ஜெ.பி., கோயம்புத்தூர்

பதில்: முடியாது. சீ-பிளேன் விமானிகள் கண்ணால் பார்த்தே தண்ணீரில் இறக்குகிறார்கள். அதனால் பகல் வெளிச்சத்தில் மட்டுமே ஓடும். பிற்பகல் 3.30 மணிக்குள் தரையிறங்கினால்தான் அன்றைய கடைசி விமானத்துக்கு நம்பிக்கை. அதற்குப் பின் வந்தால் மாலேயிலோ பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயிலோ ஓர் இரவு அறை எடுக்க வேண்டும்; ரிசார்ட்டில் அந்த இரவுக்குக் கட்டிய பணமும் பெரும்பாலும் திரும்பாது. திரும்பும் நாளிலும் இதே சிக்கல்: காலை 9 மணிக்கு முன் புறப்படும் சர்வதேச விமானத்தை சீ-பிளேனில் வந்து பிடிக்க முடியாது.

சீ-பிளேன்களில் பெரும்பாலானவை ட்வின் ஆட்டர் வகை. சுமார் 15 பேர் உட்காரலாம், எடைக் கணக்கு கறார். பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ. அதற்கு மேல் கிலோ கணக்கில் கட்டணம். சர்வதேச விமானத்தில் 30 கிலோ அனுமதி இருக்கிறதே என்று நிரப்பிக்கொண்டு வந்தால் இங்கே பணம் கட்ட வேண்டும். புறப்படும் நேரமும் முன்பே நிச்சயமாவதில்லை. வழியில் எந்தெந்தத் தீவில் இறங்கி ஏறுவது என்பதைப் பொறுத்து முந்தின மாலைதான் சொல்வார்கள்.

உங்கள் டிக்கெட்டை மாற்ற முடியாது என்றால் ரிசார்ட்டிடம் இன்னொரு வழி கேளுங்கள். பல அட்டோல்களில், அதாவது வளையமாக அமைந்த தீவுக்கூட்டங்களில், உள்நாட்டு விமான நிலையம் உண்டு. சக்கர விமானம் இருட்டிலும் இறங்கும். அங்கிருந்து ஸ்பீட் போட். பெரும்பாலும் செலவும் குறையும்.

கேள்வி: ஊர்த்தீவுக்கு அரசுப் படகில் சிக்கனமாகப் போகலாம் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை இறங்குகிறோம். பரவாயில்லையா?
– எம்.எஃப்., காயல்பட்டினம்

பதில்: வெள்ளியும் சனியும் அங்கே வார விடுமுறை. வெள்ளியன்று சாதாரண அரசுப் படகுகள் பெரும்பாலும் ஓடாது. தனியார் ஸ்பீட் போட் உண்டு. ஜும்மா தொழுகை நேரத்தில் அதுவும் நிற்கும், மொத்த ஓட்டமும் குறைவு. முடிந்தால் ஞாயிறு முதல் வியாழனுக்குள் இறங்குங்கள்.

மாலேயில் இருந்து மாஃபுஷி என்ற ஊர்த்தீவுக்கு அரசுப் படகு ஒன்றரை மணி நேரம், ஸ்பீட் போட் அரை மணியில் இருந்து முக்கால் மணி. படகுத்துறை விஷயத்தில் கவனம் வேண்டும். ஸ்பீட் போட்டுகள் விமான நிலையத்தின் எதிரிலேயே உள்ள துறையில் ஏற்றிக்கொள்ளும். அரசுப் படகுக்கோ மாலே நகரத்துக்குள் போக வேண்டும். 2018இல் திறந்த சினமாலே பாலம் விமான நிலையத் தீவான ஹுல்ஹுலேயையும் மாலேயையும் இணைப்பதால் பஸ்ஸிலோ டாக்ஸியிலோ போய்விடலாம். ஆனால் மாலேயில் பல படகுத்துறைகள். எந்தத் துறை என்று விடுதிக்காரரிடம் கேட்டு, பெயரை எழுதி வைத்துக்கொண்டு டாக்ஸிக்காரரிடம் காட்டுங்கள். பகலில் ஒன்றிரண்டு முறைதான் படகு. தவறவிட்டால் அன்றைய பொழுது மாலேயில்தான். ராஜ்ஜே டிரான்ஸ்போர்ட் லிங்க் என்ற அரசு அதிவேகப் படகுச் சேவை 2022இல் தொடங்கியது. அது ஓடும் அட்டோலாக இருந்தால் செலவும் நேரமும் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

கேள்வி: விசா இல்லை என்கிறார்கள், ஆனால் ஏதோ படிவம் என்கிறார்கள். ஓர் இணையதளம் அதற்கு ஆளுக்கு 60 டாலர் கேட்கிறது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற இடம் காலி, அது சிக்கலா?
– வி., திருச்சி

பதில்: பணம் கட்டாதீர்கள். இமூகா எனப்படும் பயணியர் அறிவிப்புப் படிவம் இலவசம். மாலத்தீவுக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் மட்டுமே நிரப்புங்கள். அரசுத் தள முகவரி ஜிஓவி டாட் எம்வி என்று முடியும். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத் தளங்கள் இடைத்தரகர்களுடையவை.

விமானம் புறப்படும் நேரத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். பாஸ்போர்ட் விவரப் பக்கத்தின் படம், உங்கள் படம், விமான எண், தங்குமிடம் ஆகியவற்றைக் கேட்கும். முடித்ததும் க்யூ.ஆர். குறியீடு வரும். அதைக் கைபேசியில் படமாகவே சேமித்து வையுங்கள், விமான நிலைய வைஃபையை நம்ப வேண்டாம். திரும்பும்போதும் இதே படிவத்தை இன்னொரு முறை நிரப்ப வேண்டும். இதைப் பலரும் மறந்துவிட்டு, செக்-இன் வரிசையில் நின்றுகொண்டு பதற்றத்தோடு நிரப்புகிறார்கள்.

சுற்றுலா விசா ஏறக்குறைய எல்லா நாட்டவருக்கும் இறங்கியதும் இலவசமாக 30 நாளுக்குக் கிடைக்கும். அதற்குத் திரும்பும் டிக்கெட்டும், தங்கும் எல்லா இரவுக்கும் உறுதி செய்த முன்பதிவும் வேண்டும். முதல் இரவுக்கு மட்டும் பதிவு செய்துவிட்டு மிச்சத்தை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று போவதுதான் குடிநுழைவில் நிற்க வைக்கும். பாஸ்போர்ட் ஒரு மாதம் செல்லுபடியானால் போதும் என்பது அந்த நாட்டு விதி. ஆனால் ஆறு மாதம் இல்லை என்று விமான நிறுவனமே தடுக்கக்கூடும் என்பதால் புதுப்பித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

பெயரைப் பொறுத்தவரை, பாஸ்போர்ட் பக்கத்தின் அடியில் இரண்டு வரி இயந்திர எழுத்து இருக்கும். டிக்கெட்டும் படிவமும் அதோடு ஒத்துப்போக வேண்டும். குடும்பப்பெயர் கட்டத்தைக் காலியாக விட்டால் டிக்கெட் தளம் ஏற்காதபோது என்ன போடுவது என்பதை விமான நிறுவனத்திடம் கேட்டே போடுங்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு முறை. அப்பா பெயரை நீங்களாகச் சேர்ப்பதும், தலைப்பெழுத்தை மட்டும் போடுவதும்தான் சிக்கலைக் கொண்டுவரும்.

கேள்வி: மாமியார் எங்கு போனாலும் சின்னப் பிள்ளையார் விக்கிரகம் ஒன்றைக் கையோடு எடுத்துப் போவார். மாலத்தீவுக்குக் கொண்டு போகலாமா? கணவர் டியூட்டி ஃப்ரீயில் ஒரு பாட்டில் வாங்கலாம் என்கிறார்.
– எல்.ஆர்., கும்பகோணம்

பதில்: இரண்டையும் தவிருங்கள். வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுவர மாலத்தீவுச் சுங்கத்துறை அனுமதிப்பதில்லை. உலோகமோ மண்ணோ, அளவு சிறிதோ பெரிதோ, ஸ்கேனரில் தெரிந்தால் எடுத்துக் கேட்பார்கள். மாமியாரிடம் இதைக் கிளம்பும் முன்பே பொறுமையாகச் சொல்லி, விக்கிரகத்தை வீட்டுப் பூஜையறையிலேயே விட்டுவரச் செய்யுங்கள். விமான நிலையத்தில் அதை அவர் கையில் இருந்து வாங்கும்படி ஆகிவிடக்கூடாது.

மது பாட்டில் கண்டால் சுங்கத்தில் வாங்கி வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள். திரும்பும்போது ரசீதைக் காட்டி வாங்கலாம். பன்றி இறைச்சி கலந்த எந்தப் பொருளும் கூடாது. எலக்ட்ரானிக் சிகரெட்டுக்கு 2024 நவம்பர் முதல் இறக்குமதித் தடை, டிசம்பர் முதல் வைத்திருப்பதற்கும் தடை. 2007 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் புகையிலை வாங்கவோ பயன்படுத்தவோ கூடாது என்ற சட்டம் 2025 நவம்பரில் வந்தது; சுற்றுலாப் பயணிகளுக்கும் அது பொருந்தும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளோடு போகிறவர்கள் இதைச் சொல்லி வையுங்கள்.

மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி மருந்து ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். சீட்டு இல்லாமல் கொண்டு போகவே கூடாது.

கேள்வி: சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?
– என்.எஸ்., மாம்பலம், சென்னை

பதில்: வேண்டாம், ஆனால் ஊர்த்தீவில் விழிப்பு வேண்டும். மாலத்தீவுச் சமையலின் அடிப்படை சூரை மீன். நம் ஊரில் மாசிக்கருவாடு என்று விற்பது அங்கிருந்து வந்த பண்டம்தான். அது துருவலாகவும் தூளாகவும் எதில் வேண்டுமானாலும் இருக்கும். டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் சமோசா போல இருக்கும் பஜியாவுக்குள் மீன். உருண்டையாக இருக்கும் குல்ஹாவுக்குள்ளும் மீன். தேங்காய்த் துருவலும் வெங்காயமும் மட்டும் போலத் தெரியும் மஸ் ஹுனியும் மீன்தான். கீரைச் சுண்டல் போன்ற கொப்பீ ஃபை என்பதிலும் பெரும்பாலும் சேர்த்திருப்பார்கள். "வெஜிடேரியன்" என்று சொன்னால் இறைச்சி மட்டும் வேண்டாம் என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். "மஸ் வேண்டாம், கோழி வேண்டாம், முட்டை வேண்டாம்" என்று பெயர் சொல்லியே கேளுங்கள். மஸ் என்றால் மீன்.

நம்பிச் சாப்பிடக்கூடியவை: நம் சப்பாத்தி போன்ற ரோஷி, வெறும் சோறு, பருப்பு (தாளிப்பில் மாசி போட வேண்டாம் என்று சொல்லி), பழங்கள். தொட்டூ தீவில் தர்பூசணியும் பப்பாளியும் தோட்டம் தோட்டமாக விளைகின்றன. சைவர்களுக்கு ஏற்ற ஊர்த்தீவு என்று தயங்காமல் சொல்லலாம். மாலேயிலும் ஹுல்ஹுமாலேயிலும் இந்திய உணவகங்கள் உண்டு. கெஸ்ட் ஹவுஸ் சமையற்காரர்களில் தமிழ்நாடு, கேரளம், இலங்கை, வங்கதேசத்துக்காரர்கள் பலர் இருக்கிறார்கள். முதல் நாளே சமையலறையில் பேசிவிட்டால் வேலை எளிது. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் மூன்றும் பெட்டியில் இருக்கட்டும். எண்ணெய் கசியும் பாட்டிலை இரண்டு பிளாஸ்டிக் உறையில் போட்டு பெட்டியிலேயே வையுங்கள்; கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட எதையும் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியாது, மனைவிக்கு ஓரளவு தெரியும். ஸ்நார்க்கெலிங் எல்லோரும் செய்யலாம் என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். பாதுகாப்பானதா?
– டி.எம்., ஈரோடு

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல விரும்புகிறோம். அங்கே சுற்றுலாப் பயணிகள் உயிரிழக்கும் விபத்துகளில் ஸ்நார்க்கெலிங், அதாவது முகமூடியும் மூச்சு விடும் குழலும் போட்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மிதப்பது, முக்கியமான ஒன்று. அவற்றில் பல, அமைதியாகத் தெரிந்த தண்ணீரில் நடந்தவை.

தீவைச் சுற்றி மணல்தரையோடு, இடுப்பளவு தண்ணீரில் பச்சையாகத் தெரிவது லகூன். அதன் ஓரத்தில் பவளப்பாறை விளிம்பு. அதைத் தாண்டினால் தரை திடீரென்று சரிந்து நீலமாகிவிடும். அட்டோலின் வளையத்தில் தீவுகளுக்கு நடுவே உள்ள வாய்க்கால்களை மாலத்தீவுக்காரர்கள் "கண்டு" என்கிறார்கள். ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஏறும்போதும் இறங்கும்போதும் முழு அட்டோலின் தண்ணீரும் இந்தக் கண்டுகள் வழியாகத்தான் போய்வர வேண்டும். அதனால் அங்கே நீரோட்டம் பலமாக இருக்கும். மேலே அலை இருக்காது என்பதால் கண்ணுக்குத் தெரியாது. மீனைப் பார்த்தபடி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்திருப்பவருக்குத் தான் நகர்வதே தெரியாது. தலையைத் தூக்கும்போது கரை தூரத்தில் இருக்கும். பதறி, எதிர்த்து நீந்தி, வாயில் வைத்த குழலில் தண்ணீர் போய், களைத்துப் போகிறார்கள்.

நீச்சல் தெரியாதவர் செய்ய வேண்டியது: லைஃப் ஜாக்கெட் போட்டு, கால் தரையில் பாவும் லகூனில் முதல் நாள் முழுக்கப் பழகுவது. முகமூடி சரியான அளவா என்று பார்க்க, பட்டையைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டி நின்றால் சரி. மீசை அடர்த்தியாக இருந்தால் மூக்கின் கீழ் தண்ணீர் கசியும்; அந்த இடத்தில் கொஞ்சம் வாசலின் தடவினால் குறையும். கண்ணாடி மங்காமல் இருக்க உள்பக்கம் ஒரு சொட்டு குழந்தை ஷாம்பு தேய்த்து லேசாக அலசுங்கள். குழலில் தண்ணீர் ஏறினால் உள்ளே இழுக்காமல் "தூ" என்று வேகமாக ஒரே ஊதலில் வெளியேற்ற வேண்டும். இதை நின்றபடி இருபது முறை செய்து பார்த்த பிறகே மிதக்கத் தொடங்குங்கள். முகம் முழுதும் மூடும் முகமூடியை வாங்க வேண்டாம். விட்ட மூச்சின் கரியமில வாயு உள்ளேயே தேங்கும் ஆபத்து அதில் உண்டு. அவசரத்தில் கழற்றுவதும் கடினம்.

உங்கள் மனைவி விளிம்புவரை போவதானால்: தனியாகக் கூடாது. காலில் துடுப்பு கட்டாயம். எந்தப் பக்கம் நீர் ஓடுகிறது, இன்று எங்கே இறங்கலாம் என்று டைவ் சென்டரில் கேட்டுவிட்டு, முதலில் நீரோட்டத்துக்கு எதிராகப் போக வேண்டும். களைப்பு வரும்போது நீரோட்டமே இறங்கிய இடத்துக்குக் கொண்டு வந்து சேர்க்கும். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தலையைத் தூக்கிக் கரையில் ஓர் அடையாளத்தைப் பார்க்க வேண்டும். நீரோட்டம் இழுத்தால் எதிர்க்காமல், மல்லாந்து மிதந்து, ஒரு கையை உயர்த்தி ஆட்டி, குறுக்காகக் கரைப்பக்கம் நகர வேண்டும். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். நீண்ட பயணம் முடிந்து இறங்கிய அன்றே யாரும் கடலுக்குள் போக வேண்டாம்.

முழுக்கைச் சட்டை அணியுங்கள். தண்ணீரில் குளிர்ச்சியாக இருப்பதால் முதுகு வெந்துபோவது மாலையில்தான் தெரியும். எக்காரணத்தாலும் பவளத்தின் மேல் நிற்காதீர்கள். கீறல் சீழ் பிடிக்கும் என்பது ஒரு காரணம். பாறை போல உருண்டையாக இருக்கும் பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பது பெரிய காரணம். 1998லும் 2016லும் கடல் சூடேறி வெளுத்துச் செத்த பவளங்களுக்குப் பின் மீண்டு வந்துகொண்டிருப்பவை அவை. நம் கால் பட்டு ஒன்றுகூட உடையக் கூடாது.

கேள்வி: மந்தா திருக்கையும் திமிங்கலச் சுறாவும் பார்க்க எந்த மாதம், எந்தத் தீவு?
– பி.கே., நாகர்கோவில்

பதில்: இரண்டும் வேறு இடம். மந்தாவுக்கு பா அட்டோலில் உள்ள ஹனிஃபாரு விரிகுடா. ஜூன் முதல் நவம்பர் வரை, அதிலும் ஆகஸ்ட், செப்டம்பர். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நீரோட்டம் மிதவை உயிரிகளை அட்டோலின் கிழக்குப் பக்கம் தள்ளுகிறது. ஹனிஃபாரு புனல் வடிவில் இருப்பதால் அவை அங்கே சிக்கிக் குவிகின்றன. மந்தாக்கள் கூட்டமாக வந்து வாயைத் திறந்து வடிகட்டித் தின்கின்றன. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஓதம் பெரிதாக இருக்கும்போது வாய்ப்பு அதிகம். பஞ்சாங்கம் பார்த்து நாள் குறியுங்கள். இந்த அட்டோல் 2011 முதல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். விரிகுடாவுக்குள் சிலிண்டர் கட்டி முக்குளிக்கத் தடை, ஸ்நார்க்கெலிங் மட்டும்; உரிமம் பெற்ற வழிகாட்டியும் அனுமதிச் சீட்டும் வேண்டும்; ஒரு முறைக்கு 45 நிமிடம். தங்க ஏற்றது தரவந்தூ. மாலேயில் இருந்து விமானம் 20 நிமிடம். இது மழைக்காலம் என்பதை மனதில் வைத்துக் குறைந்தது மூன்று முழு நாள் ஒதுக்குங்கள்; ஒரே நாள் வைத்துக்கொண்டு போகிறவர்கள் காற்று பலமாக இருந்தால் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

திமிங்கலச் சுறாவுக்குத் தெற்கு ஆரி அட்டோல்; ஆண்டு முழுதும் உண்டு. திகுரா அல்லது தங்கெத்தியில் தங்கலாம். உடலில் இருந்து 3 மீட்டர், வாலில் இருந்து 4 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். தொடக்கூடாது, ஃபிளாஷ் கூடாது. ஒரே சுறாவைச் சுற்றிப் பத்துப் படகு நிற்கும் நாளும் உண்டு. அதிகாலையில் கிளம்பும் படகையும், கூட்டம் இருந்தால் காத்திருக்கும் வழிகாட்டியையும் தேர்ந்தெடுங்கள். சுறாவுக்கு மிக அருகில் குதிக்கச் சொல்லும் படகுக்கு அடுத்த முறை பணம் தராதீர்கள்.

கேள்வி: தூத்துக்குடியில் இருந்து மாலேக்குத் தோணி போகிறதே, அதில் பயணியாகப் போகலாமா?
– எக்ஸ்.ஏ., தூத்துக்குடி

பதில்: தோணிகள் வெங்காயம், காய்கறி, கட்டுமானப் பொருள் ஏற்றிப் போகும் சரக்குக் கலங்கள். பயணிகளை ஏற்ற அனுமதி இல்லை. பயணிகள் கப்பலும் இல்லை. விமானம்தான். தென்கோடி மாவட்டத்தார் சென்னையை மட்டும் பார்க்காமல் திருவனந்தபுரம், கொச்சி கட்டணத்தையும் கொழும்பு வழிக் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் தம்பிக்கு ரிசார்ட்டில் வேலை என்று ஓர் ஏஜென்ட், "டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார். சரிதானா?
– ஆர்.டி., புதுக்கோட்டை

பதில்: சரியல்ல. தம்பியை அனுப்பாதீர்கள். வேலைக்குப் போகிறவருக்கு, எடுக்கும் நிறுவனம் வேலை அனுமதி ஆவணத்தை முன்கூட்டியே வாங்கி அனுப்ப வேண்டும். அது கையில் இருந்தால்தான் விமானம் ஏற வேண்டும். சுற்றுலா விசாவில் வேலை செய்தால் பிடித்துத் திருப்பி அனுப்புவார்கள். அதற்குள் சம்பளம் தராமல் ஏமாற்றினாலும் முறையிட வழி இருக்காது. ஏஜென்ட்டின் பதிவு எண்ணைக் கேட்டு, இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். எண் தரத் தயங்கினாலே விலகிவிடுங்கள். இலங்கை வாசகர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்த பின்பே புறப்பட வேண்டும்.

கேள்வி: டாலரா, ரூஃபியாவா? நம் ரூபாய் செல்லுமா?
– ஹெச்.எம்., ஆம்பூர்

பதில்: ஊர்த்தீவுக் கடைகளில் நம் ரூபாயைக் கொண்டு காலம் தள்ள முடியாது. டாலரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 1, 5, 10, 20 என்று சில்லறை நோட்டாக, கிழியாத, எழுத்து இல்லாத, புதிய வரிசை நோட்டாக வாங்குங்கள். மடிப்பில் லேசாகக் கிழிந்த நூறு டாலரை அங்கே யாரும் வாங்க மாட்டார்கள். வங்கி விகிதம் ஒரு டாலருக்குச் சுமார் 15.42 ரூஃபியா. டீக்கடை, பஸ், அரசுப் படகுக்கு மட்டும் 50 டாலர் அளவுக்கு விமான நிலைய வங்கியில் மாற்றினால் போதும். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்; மிஞ்சிய ரூஃபியாவைத் திரும்ப டாலராக்க அது வேண்டும். நாட்டுக்கு வெளியே ரூஃபியா செல்லாது. கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் திறந்துவிட்டுக் கிளம்புங்கள். கார்டில் கட்டினால் சில விடுதிகள் 3, 4 சதவீதம் கூடுதலாகக் கேட்கும், முன்பே விசாரியுங்கள். சின்னத் தீவில் ஏ.டி.எம். ஒன்றே ஒன்று இருக்கும், அது வேலை செய்யாத நாளும் உண்டு.

கேள்வி: ரம்ஜான் நோன்பு மாதத்தில் போகலாமா? பெண்கள் உடை விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?
– எஸ்.வி., சேலம்

பதில்: ரிசார்ட்டில் எந்த மாற்றமும் தெரியாது. ஊர்த்தீவில் பகலில் உணவகங்கள் மூடியிருக்கும். விடுதிக்குள் விருந்தினருக்குச் சாப்பாடு தருவார்கள், தெருவில் தின்பதும் குடிப்பதும் கூடாது. 2027இல் நோன்பு பிப்ரவரி 8 வாக்கில் தொடங்கும். உடையில், ஒதுக்கிய கடற்கரைக்கு வெளியே தோளும் தொடையும் மறைந்திருக்க வேண்டும். ஆண்களும் சட்டை இல்லாமல் தெருவில் நடக்கக் கூடாது. சுடிதார், சேலை எல்லாம் எந்தக் கேள்வியும் இல்லாமல் ஏற்கப்படும்.

கேள்வி: திரும்பும் நாளில் 100 டாலர் வரி கட்ட வேண்டும் என்கிறார்களே? வேறு என்ன கவனிக்க வேண்டும்?
– ஏ.ஜி., புதுச்சேரி

பதில்: 2024 டிசம்பர் முதல் எக்கானமி வகுப்பில் வெளிநாட்டுப் பயணிக்குப் புறப்பாட்டு வரி 50 டாலர், விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம் 50 டாலர். இரண்டும் டிக்கெட் விலைக்குள்ளேயே அடங்கிவிடும். விமான நிலையத்தில் தனியாகக் கட்ட வேண்டியதில்லை. டிக்கெட் ஏன் இவ்வளவு விலை என்பதற்கு இதுவும் காரணம்.

கடிகாரம் முக்கியம். மாலே நேரம் இந்திய நேரத்துக்கு அரை மணி பின்னால். ஆனால் பல ரிசார்ட்டுகள் விருந்தினருக்குக் கூடுதல் பகல் கிடைக்கட்டும் என்று மாலேயை விட ஒரு மணி முன்னால் தங்கள் கடிகாரத்தை வைத்துக்கொள்கின்றன. கைபேசி காட்டுவது மாலே நேரம், வரவேற்பறை சொல்வது தீவு நேரம். படகு எத்தனை மணிக்கு என்று கேட்கும்போதே எந்த நேரப்படி என்றும் கேளுங்கள்.

சிப்பி, பவளத்துண்டு, மணல் எதையும் பெட்டியில் போடாதீர்கள். குழந்தைகளின் பையையும் பாருங்கள். சிலிண்டர் கட்டி முக்குளித்தவர்கள் கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம், முடிந்தால் 24 மணி நேரம் விட வேண்டும். ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவ்வளவு நேரம் தேவை. சீ-பிளேனும் விமானம்தான், அதற்கும் இந்தக் கணக்கு உண்டு. ஊர்த்தீவில் இருந்து வருகிறவர்கள் விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் விமான நிலையத் துறையில் இறங்கும் படகைப் பிடியுங்கள்; மே முதல் நவம்பர் வரை கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அதற்கும் முந்தைய படகு.